நீரிணையைக் கடக்கும் கடல் அன்னை

தைவான் நீரிணை என்றதும் போர் விமானங்களும் கடற்படைப் பயிற்சிகளும் சிப் தொழிற்சாலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த நீரிணையை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வேறொரு போக்குவரத்தும் கடந்து வருகிறது. சிவப்புப் பட்டு போர்த்திய மரச் சிலைகளையும் சிறிய தூபக்கலங்களையும் ஏந்தியபடி, தைவானின் கோயில் நிர்வாகிகளும் பக்தர்களும் சீனாவின் ஃபுஜியன் மாகாணக் கரையோரம் உள்ள மெய்சோ என்னும் சிறு தீவுக்குச் சென்று திரும்புகின்றனர். இதைச் சீன அரசு தேச ஒற்றுமையின் அடையாளமாகக் கொண்டாடுகிறது. தைவானில் ஒரு சாராரோ, எதிரி நாட்டின் ஊடுருவலுக்கான வாசலாக இதைக் காண்கின்றனர். இரண்டு பார்வைகளுமே இந்த உறவின் இயல்பைப் பிழையாகப் புரிந்துகொள்கின்றன என்பது என் கருத்து.

மெய்சோவில் 960இல் மீனவச் சமூகத்தில் பிறந்து, 987இல் இளம்வயதிலேயே மறைந்தவர் லின் என்னும் குலத்துப் பெண் என்பது மரபு. கடலில் தத்தளிப்போரைக் காப்பவராக அவரைக் கரையோர மக்கள் வணங்கத் தொடங்கினர். 'மாட்ஸு' என்று அழைக்கப்படும் அந்தக் கடல் அன்னையின் வழிபாடு, ஃபுஜியன் மாலுமிகள் சென்ற இடமெல்லாம் சென்றது. புதிய ஊரில் கோயில் எழுப்புவோர் பழைய கோயிலின் தூபக்கலத்திலிருந்து சிறிது ஊதுபத்திச் சாம்பலைக் கொண்டுவந்து, தம் கலத்தில் இடுவர். நம் தென்மாவட்டங்களில் பிடிமண் எடுத்துவந்து குலதெய்வத்துக்குப் புதிய பீடம் அமைப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிடிமண்ணைவிட இங்கே ஒரு நிபந்தனை கூடுதல். கிளைக்கோயிலின் தெய்வம் குறித்த காலந்தோறும் மூலக்கோயிலுக்குச் சென்று, தன் கலத்தின் அனலைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மக்கள் இதைப் 'பிறந்தகம் போதல்' என்றே சொல்கின்றனர். பல்லக்கும் மேளமும் பல நாள் நடைப்பயணமுமாகச் செல்லும் இந்த யாத்திரையின் உச்சம், மூலக்கோயிலின் பெருங்கலத்திலிருந்து அனலையும் சாம்பலையும் அள்ளி, வந்திருக்கும் கலத்தில் இடும் சில நிமிடங்கள்தாம். பிறகு கலத்தை மூடி, வழியில் அணையாமல் காத்து ஊர் திரும்புவர். ஆண்டுதோறும் ஒருவர் இன்னொருவர் வாசலுக்குச் சென்று அனல் பெறுகிறார் என்றால், யார் பெரியவர், யார் சிறியவர் என்ற வரிசையும் அதில் அடங்கிவிடுகிறது. பொருளியல் பயின்ற எனக்கு இது ஒரு கடன் பதிவேடாகவே தோன்றுகிறது. எவர் எவருக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்பது சாம்பலில் எழுதப்படுகிறது.

இந்தப் பதிவேடு எப்படித் திருத்தி எழுதப்படுகிறது என்பதற்கு 1987இல் நடந்ததைவிடச் சிறந்த சான்று இல்லை. மத்தியத் தைவானில் தாஜியா என்னும் ஊரில் உள்ள சென்லான் கோயிலின் அன்னை, ஆண்டுதோறும் தெற்கே உள்ள பெய்காங் நகரின் புகழ்பெற்ற சாவ்தியன் கோயிலுக்கு யாத்திரை சென்றுவந்தார். பெய்காங் மூலம், தாஜியா கிளை என்பதே பொதுவான புரிதலாக இருந்தது. தைவானில் 38 ஆண்டுகள் நீடித்த ராணுவச் சட்டம் 1987 ஜூலையில் விலக்கப்பட்டது. சீனாவில் உள்ள உறவினர்களைக் காண்பதற்கான அனுமதி அவ்வாண்டு நவம்பர் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தறுவாயிலேயே, அன்னை மறைந்த ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காகத் தாஜியா கோயில் நிர்வாகிகள் ஜப்பான் வழியாக மெய்சோ சென்று, சிலையுடனும் சாம்பலுடனும் திரும்பினர்.

விளைவு உடனே தெரிந்தது. மூலத்திலிருந்தே நேரடியாக அனல் பெற்றுவிட்ட தாஜியா, இனி பெய்காங்கின் மகளாக இருக்க விரும்பவில்லை. இரு கோயில்களுக்கும் இடையே பூசல் மூண்டது. 1988 முதல் தாஜியா அன்னையின் யாத்திரை பெய்காங்கைத் தவிர்த்து, அருகிலுள்ள சின்காங் நகரின் ஃபெங்தியன் கோயிலுக்குத் திரும்பியது. இன்று ஒன்பது நாள்களில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கும் அந்த யாத்திரை, தைவானின் மிகப் பெரிய பொது நிகழ்வுகளில் ஒன்று. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர் பல்லக்கைத் தூக்காமல் தேர்தலைச் சந்திப்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாஜியா மெய்சோவை நாடிச் சென்றது சீனாவின் மீதான பற்றால் அன்று; பக்கத்து ஊர்க் கோயிலோடு இருந்த போட்டியால். எல்லை கடந்த உறவு, உள்ளூர்த் தகுதியை உயர்த்தும் மூலதனமாகப் பயன்பட்டது. தாஜியா போனதைக் கண்ட மற்றக் கோயில்களும் பின்தங்கிவிடக் கூடாதென்று புறப்பட்டன. 1989 மே மாதத்தில் தைவானின் வடகிழக்குக் கரையில் உள்ள நான்ஃபாங்காவ் துறைமுகத்திலிருந்து சுமார் இருபது மீன்பிடிப் படகுகள், நேரடிப் பயணத்துக்கு இருந்த தடையை மீறி மெய்சோவுக்கே சென்று திரும்பின. 1997இல் மெய்சோ அன்னையின் சிலை தைவானுக்கு வந்து 102 நாள்கள் வலம்வந்தது. 2001 ஜனவரியில் தைவானின் ஆளுகைக்குட்பட்ட கின்மென், மாட்ஸு தீவுகளுக்கும் ஃபுஜியன் கரைக்கும் இடையே நேரடிக் கப்பல் போக்குவரத்து தொடங்கியபோது, அன்னையின் பெயரையே தாங்கிய மாட்ஸு தீவிலிருந்து புறப்பட்ட முதல் கப்பலில் ஏறத்தாழ 500 யாத்ரிகர்கள் மெய்சோவுக்குச் சென்றனர். ராஜதந்திரிகள் இழுத்துக்கொண்டிருந்த பேச்சைப் பக்தர்கள் முந்திக்கொண்டனர் என்றே சொல்ல வேண்டும்.

பணம் எந்தத் திசையில் பாய்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெய்சோவின் பழைய கோயில் கலாசாரப் புரட்சிக் காலத்தில் இடிக்கப்பட்டது. தீவு மக்களின் விடாமுயற்சியால் மெல்ல உயிர்பெற்ற அது, 1980களின் பிற்பகுதியிலிருந்து தைவான் கோயில்கள் வாரி வழங்கிய நன்கொடையால்தான் மாளிகை வரிசைகளும் மலைமேல் நெடிய சிலையும் கொண்ட வளாகமாக வளர்ந்தது. பிறந்தகத்தைப் புதுப்பித்தவர்கள் மகள்களே. மூலக்கோயிலின் பெருமை, அதை மூலமென்று ஏற்றுக்கொண்டு தேடிவரும் கிளைகளிடமே இருக்கிறது. கிளைகள் வராமற்போனால் மெய்சோ இன்னொரு மீனவக் கோயில், அவ்வளவே. சீன அரசு இதை நன்கு உணர்ந்திருக்கிறது. 2009இல் மாட்ஸு வழிபாட்டை யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கச் செய்தது சீனா. யுனெஸ்கோவில் உறுப்பினராக இல்லாத தைவானுக்கு அதில் பேச வாய்ப்பே இல்லை. மதத்தை மூடநம்பிக்கை என்று ஒடுக்கிய கட்சியின் அதிகாரிகள், இன்று அன்னையை 'நீரிணையின் அமைதித் தெய்வம்' என்று மேடையேறிப் புகழ்கின்றனர்.

அரசுகள் இந்தத் தெய்வத்தைத் தேடிவருவது புதிதன்று. குப்ளாய் கான் 1281இல் மாட்ஸுவுக்கு 'விண்ணரசனின் துணைவி' என்னும் பட்டத்தை அளித்தார். கடல் வணிகத்தைத் தன் ஆட்சியோடு பிணைக்க அவருக்கு அது தேவைப்பட்டது. மெய்சோவுக்குத் தெற்கே உள்ள சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்–சீனக் கல்வெட்டும் அதே 1281ஆம் ஆண்டின் சித்திரைக்கு உரியது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்ததை, கானின் நலம் வேண்டி அது பதிவுசெய்கிறது. ஒரே ஆண்டில், ஒரே கரையில், ஒரே ஆட்சியாளரின் நிழலில் இரு கடலோடிச் சமூகங்களின் தெய்வங்கள்! சிவன் கோயில் இன்று சிதறிய சிற்பங்களாக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்னையின் வழிபாடு நிலைத்துவிட்டது. வணிகர்கள் போனதும் வழிபாடு போயிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பின்னர் 1683இல் தைவானைக் கைப்பற்றிய சிங் பேரரசின் தளபதி ஷி லாங், அன்னையின் அருளாலேயே வென்றதாக அரசவைக்கு எழுதினார். படையெடுத்தவரும் அன்னையை வணங்கினார், படையெடுப்புக்கு உள்ளானவர்களும் அவரையே வணங்கினர்.

தாவோயப் புரோகிதர்களின் கதையும் இதையொத்ததே. கோயில்களில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 'ஜியாவ்' என்னும் பெருவேள்வியில் கதவுகளை அடைத்துக்கொண்டு, ஊரின் பெயரையும் மக்களின் பெயர்களையும் விண்ணுலகுக்கு விண்ணப்பமாக வாசிக்க உரிமை பெற்றவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு பெரும் மரபின் தலைவராகிய 63ஆம் 'விண்ணக ஆசான்' 1949இல் தைவானுக்கு இடம்பெயர்ந்து, 1969இல் அங்கேயே மறைந்தார். சீனாவில் சடங்குகள் தடைபட்டிருந்த காலத்தில் தைவானில் அவை அறுபடாமல் நடந்தன. அந்தப் பட்டம் யாருக்கு உரியது என்று இன்று நீரிணையின் இரு பக்கத்திலும் உரிமை கோருவோர் உள்ளனர். மூலம் ஒரு கரையிலும் மரபு மறு கரையிலும் இருக்கும்போது, எது அசல் என்ற வழக்குக்குத் தீர்ப்பு ஏது?

இனி, அரசியல் விளைவுக்கு வருவோம். ஒரே தெய்வத்தை வணங்குவோர் ஒரே நாட்டினராக உணர்வர் என்பது பெய்ஜிங்கின் கணக்கு. தைவானின் தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் மக்களின் அடையாள உணர்வை அளந்து வருகிறது. தம்மைத் 'தைவானியர்' என்று மட்டுமே சொன்னவர்கள் 1992இல் 17.6 சதவீதம். அண்மை ஆண்டுகளில் அது 60 சதவீதத்தைக் கடந்துவிட்டது. மெய்சோ யாத்திரைகள் பெருகிய காலமும் இதுவே. யாத்திரையால் இது நிகழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. யாத்திரை இதைத் தடுக்கவில்லை என்பதே செய்தி. தாஜியா அன்னை ஆண்டுதோறும் செல்லும் சின்காங் அமைந்துள்ள சியாயி மாவட்டத்தில், 2001 முதல் சீனாவுடன் இணைவதை ஏற்காத ஜனநாயக முற்போக்குக் கட்சியினரே ஆட்சித் தலைவர்களாக இருந்து வருகின்றனர். மெய்சோவில் மண்டியிட்டு வணங்கிவிட்டு, ஊர் திரும்பி அதற்கு நேர்மாறாக வாக்களிப்பதில் பக்தருக்கு எந்த முரண்பாடும் இல்லை. பிறந்தகத்தின் மீது அன்பிருப்பதால் எந்தப் பெண்ணும் தன் வீட்டை அதற்கு எழுதிக் கொடுத்துவிடுவதில்லை.

பக்தியை அரசியல் மூலதனமாக்குவதில் தைவான் அரசியலர் ஒன்றும் பின்தங்கியவர்கள் அல்லர். ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்தும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் நிறுவனர் டெரி கோ, 2019 ஏப்ரலில் கோமின்டாங் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முனைந்தபோது, கனவில் மாட்ஸு தோன்றி மக்களுக்காக முன்வரும்படி பணித்ததாக அறிவித்தார். கட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. அன்னையின் ஆணை உட்கட்சித் தேர்தலுக்குப் பொருந்தவில்லை போலும்.

அப்படியானால் கவலைக்கே இடமில்லையா? இருக்கிறது, ஆனால் அது சாம்பலில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. தைவானில் பதிவுசெய்யப்பட்ட கோயில்கள் 12,000க்கும் மேல். உண்டியல், விளக்குக் கட்டணம், நன்கொடை, நிலம் என்று பெரிய கோயில்களின் வரவு மிகப் பெரிது. அவற்றின் அறங்காவல் குழுத் தலைவர்கள் பலர் உள்ளூர் அரசியலிலும் புள்ளிகள். இத்தனை செல்வத்தையும் செல்வாக்கையும் இன்றும் மேற்பார்வை செய்வது 1929இல், சீன நிலப்பரப்பில் இயற்றப்பட்ட கோயில் கண்காணிப்புச் சட்டம். வரவு செலவை வெளிப்படுத்தக் கோரும் விதிகளோடு 2017இல் ஒரு சட்ட முன்வரைவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஊதுபத்தியையும் பட்டாசையும் அரசு தடைசெய்யப் போகிறது என்று பரவிய பேச்சுக்கே நாடெங்குமிருந்து கோயில்கள் தம் தெய்வங்களைத் தைபேயில் உள்ள குடியரசுத் தலைவர் மாளிகைச் சாலைக்குப் பல்லக்கில் கொண்டுவந்துவிட்டன. அந்தக் காட்சியைப் பார்த்த எந்தக் கட்சிக்குத் தணிக்கையாளரைக் கோயிலுக்கு அனுப்பும் துணிவு வரும்?

துணிவு வராத இடத்தில் ஐயம் வளர்கிறது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஊடுருவல் தடுப்புச் சட்டம், எதிரி நாட்டின் பணத்தாலோ கட்டளையாலோ தேர்தலில் தலையிடுவதைக் குற்றமாக்கியது. 2024 ஜனவரித் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில், உள்ளூர் வட்டத் தலைவர்கள் மலிவுக் கட்டணத்தில் சீனப் பயணம் அழைத்துச் செல்லப்பட்டது குறித்து வழக்குரைஞர்கள் விசாரித்தனர். இத்தகைய பயணங்களில் கோயில் தரிசனமும் சேர்ந்துகொள்வதால், உண்மையான யாத்ரிகரும் ஐயத்துக்கு ஆளாகிறார். இந்தச் சட்டத்தின் சிக்கல், அது நோக்கத்தை நிரூபிக்கக் கோருகிறது என்பதே. ஒரு மூதாட்டி மெய்சோவுக்குப் போனது வேண்டுதலுக்கா, விருந்துக்கா என்பதை எந்த நீதிமன்றம் அளக்க முடியும்? பயணச்சீட்டுக்கு யார் பணம் கட்டினார் என்பதையோ எளிதில் அளக்கலாம். 1987இல் தைவான் பக்தர்கள் தம் செலவில் போனார்கள், பணம் கொடுத்தார்கள். அந்த நிலையில் மேலாண்மை அவர்கள் கையில் இருந்தது. விருந்தோம்புபவர் செலவை ஏற்கத் தொடங்கினால் பதிவேட்டில் கடன்பட்டவர் யார் என்பது மாறிவிடும்.

இந்த இடத்தில் சிங்கப்பூரைப் பார்ப்பது பயன்தரும். அங்கே தெலோக் ஆயர் தெருவில் மாட்ஸுவுக்காக ஃபுஜியன் மக்கள் 1839–42 காலத்தில் கட்டிய தியன் ஹோக் கெங் கோயில் உள்ளது. அன்னையின் சிலை 1840இல் சீனாவிலிருந்து வந்தது. அதே தெருவில், சில அடிகள் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் 1828–30இல் எழுப்பிய நாகூர் தர்கா. இரண்டுமே வந்திறங்கிய கடலோடிகள் தம் ஊர் அருளை நினைத்துக் கட்டிய கிளைகள். சிங்கப்பூர் 2019இல் மத நல்லிணக்கச் சட்டத்தைத் திருத்தி, 2022 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. வெளிநாட்டிலிருந்து ஒரே தவணையில் 10,000 சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ நன்கொடை பெற்றால் மத அமைப்புகள் தெரிவிக்க வேண்டும். தம்மைக் கட்டுப்படுத்தும் நிலையில் உள்ள வெளிநாட்டுத் தொடர்புகளையும் அறிவிக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் ஒரே விதி. யாத்திரைக்கோ சாம்பலுக்கோ தடையில்லை.

சிங்கப்பூரின் வழியை அப்படியே பெயர்த்துத் தைவானில் நடுவது எளிதன்று. சிங்கப்பூரில் அரசின் பிடி இறுக்கமானது. எதிர்ப்புக் குரலுக்கு இடம் குறைவு. அந்த நாட்டை விழுங்க நினைக்கும் அண்டை நாடும் இல்லை. தைவானில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கடைக்காரரும் மாலை நேரத்தில் கணக்கெழுதும் சிறு கோயில்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பட்டயக் கணக்காளரை அமர்த்த அவற்றால் இயலாது. எனவே, குறிப்பிட்ட வரவுக்கு மேற்பட்ட கோயில்களுக்கும், எந்தக் கோயிலானாலும் வெளியிலிருந்து வரும் பணத்துக்கும், வெளியார் செலவில் செல்லும் பயணங்களுக்கும் மட்டும் வெளிப்படைத்தன்மையைக் கட்டாயமாக்கலாம். இதில் ஓர் இடர் உண்டு: சீனப் பணத்தைத் தேடித் திறக்கும் கணக்குப் புத்தகத்தில் உள்நாட்டுக் கட்சிகளின் தேர்தல் செலவும் தலைகாட்டக்கூடும். முன்வரைவுகள் சட்டமாகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் ஐயுறுகிறேன்.

பெய்ஜிங்குக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. மெய்சோவின் மதிப்பு, தைவானியர் தாமாக விரும்பி வருவதில் இருக்கிறது. அழைத்துவரப்பட்ட கூட்டம் எத்தனை பெரிதானாலும் அது யாத்திரை ஆகாது. அண்மை ஆண்டுகளில் தைவானில் வேகமாக வளர்வது நீரிணையைக் கடக்காத ஒரு யாத்திரை என்பதையும் அங்குள்ளவர்கள் கவனித்திருப்பார்கள். பைஷாதுன் என்னும் கரையோரச் சிற்றூரின் அன்னை, பெய்காங்குக்கு நடந்தே சென்று அனல் பெற்றுத் திரும்புகிறார். பாதை முன்கூட்டி வகுக்கப்படுவதில்லை. சந்திப்புகளில் பல்லக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கூட்டம் திரும்புகிறது. சில நேரம் பள்ளிக்குள்ளோ மருத்துவமனை வாசலுக்கோ போய் நிற்கிறது. பெயர் பதிவுசெய்து உடன் நடப்போர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் இளைஞர்கள் மிகுதி.

தாஜியாவின் அன்னையோ இந்த ஆண்டுகளிலெல்லாம் சின்காங்கோடு திரும்பிவிடுகிறார். சில கிலோமீட்டர் தொலைவில்தான் பெய்காங். 1988இல் விட்டுப்போன அந்த வாசலுக்கு அவருடைய ஆண்டு யாத்திரை இன்னும் திரும்பவில்லை.